நிறுத்தக்கூடாத பெட்டி

வினோதா பெயின்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சர்வரின் முன்பக்கச் சல்லடையிலிருந்து தூசு தட்டிக்கொண்டிருந்தாள். ஈரத்துணி படவே கூடாது என்பது அவள் வீட்டுக்காரர் போட்ட சட்டம். சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாக உதிர்ந்து விழுந்ததை மாதம்மாள் முறத்தில் பிடித்தாள். கூட்டிப் பெருக்குகிற வேலை மாதம்மாளுடையது. ஆனால் இந்தப் பெட்டியை மட்டும் யார் கையிலும் விடாமல் வினோதாவே துடைப்பாள்.

மறுநாள் ஆயுத பூஜை. ஓசூர் மூக்கண்டப்பள்ளிப் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் முந்தின நாளே பூஜையை முடித்து, ஆட்கள் கையில் பொரியையும் ஸ்வீட் டப்பாவையும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தகடு அடித்துப் பாகம் செய்கிற இந்தப் பிரஸ் ஷாப்பிலும் அப்படித்தான். விடிந்ததிலிருந்து ஒவ்வொரு மிஷினாக நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டாகிவிட்டது. ஷெட்டே அடங்கிக் கிடந்தது. ஆபீசுக்குப் பின்னால், ஃபைல் போட்டு வைத்திருந்த சின்ன அறையில், இந்த ஒரு பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. இது மட்டும் என்னாம்மா கத்திட்டே கெடக்குது?" என்றாள் மாதம்மாள். "ஓடுற மிஷினுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

"கௌதம் இருந்த வரைக்கும் இத நிறுத்த வுடமாட்டான்க்கா. மேலாப்புல பொட்டு வெச்சுட்டுப் போங்கம்பான்."

"அவன்தான் பெங்களூர் வேலைக்கு ஓடிட்டானே. வருஷம் பூரா ஓடுது, அதுக்கு ஒரு நாள் லீவு குடுத்தா என்னா கொறஞ்சிடும்?"

கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த கௌதம் போன பிறகு அவன் இடத்துக்கு ஆள் போடவில்லை. மாதம்மாள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. கருவிக்கு ஓய்வு கொடுக்கிற நாளில் ஒன்றுக்கு மட்டும் ஓய்வில்லை என்றால் எப்படி? பழைய மிஷினை நிறுத்துவது பற்றி வீட்டுக்காரர் எப்போதோ ஏதோ சொன்ன ஞாபகம் வினோதாவுக்கு லேசாகத் தட்டியது. அவர் சொல்லாதது எதுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஸ்கிரீனில் முறைப்படி நிறுத்தினாள். விசிறிகள் பெருமூச்சு விட்டு அடங்கின. பெட்டியின் முகத்தில் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் உண்டு. போன வருஷத்துச் சந்தனம் மேல்தட்டில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரம் படக்கூடாதே என்று அதைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுப்பொட்டு வைத்தாள்.

அவள் வீட்டுக்காரர் ராஜசேகருக்கு யுபிஎஸ்ஸும் பேட்டரியும் பூட்டுகிற தொழில். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் வண்டியிலேயே சுற்றுவார். தொழில் அதுவென்றாலும் மனசு இருப்பது பழைய சர்வர்களிடம். பெங்களூர் ஆபீசுகளில் கழித்துப் போட்டவை பழைய சாமான் கடைக்கு வரும். அங்கே எடைக்கு வாங்கிய மூன்று சர்வர்கள் வீட்டுப் பின்னறையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நர்சிங் படிக்கிற மகள் கவிப்ரியா லீவுக்கு வந்தால் ஹாலில்தான் படுக்க வேண்டும்.

காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே போனில் டெக்னாலஜி செய்தி பார்த்துவிடுவார். பார்த்ததோடு விட்டால் தேவலை. 'பழைய இரும்பு' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார். சேலத்திலும் கோலாரிலும் இவரைப் போலவே பழைய சர்வர் வளர்க்கிற ஆட்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்ஸ் மெசேஜில் தம் அபிப்பிராயத்தைச் சொன்னால்தான் அவருக்கு டீ இறங்கும்.

"கிளவுடு கிளவுடுங்கறான். என்னா கிளவுடு? உன் பொட்டிய எவனோ வீட்டுல வெச்சுட்டு நீ வாடகை குடுக்கற, அவ்ளோதான்" என்பார். "ஏஐக்குப் பெரிய பெரிய கட்டடம் கட்டறானாம். பொட்டிங்க சூடாவுதுன்னு தண்ணி ஊத்திக் குளிர வெக்கறானாம். நம்ம தெருவுக்குக் குடிக்கத் தண்ணி வரல, அங்க பொட்டிக்குக் குளியலு." வினோதா தோசை திருப்பிக்கொண்டே, "நீங்க மொதல்ல குளிச்சுட்டு வாங்க" என்பாள். அதுவும் வாய்ஸ் மெசேஜில் ஏறிப்போய், கோலார்க்காரர் ஒருவர் கன்னடத்தில் சிரித்து அனுப்புவார்.

அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒன்றுண்டு. பழைய மிஷின் சொல்லிவிட்டுத்தான் சாகும். ஒரு லைட்டு எரியும், ஒரு சத்தம் கொடுக்கும். புதுசு வாயே திறக்காமல் செத்துப்போகும். வினோதா இதையெல்லாம் மழைச் சத்தம் போலக் கேட்டுக் கேட்டுப் பழகியவள்.

மத்தியானம் பூஜை முடிந்தது. முதலாளி ஆனந்த் வாசலில் பூசணிக்காய் உடைத்தார். அப்பா காலமானபின் கம்பெனியை ஏற்று நடத்துகிறவர், வினோதாவைவிட வயதில் மிகவும் சின்னவர். ஆட்கள் பொரியோடு கலைந்ததும் வினோதா உள்ளே போய்ச் சர்வரின் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. உள்ளே 'டிக், டிக்' என்று நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கீழ்த்தட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் நல்லது, மஞ்சள் எரிந்தால் இழவு என்பது அவள் வீட்டில் அன்றாடம் புழங்குகிற பேச்சு. மறுபடி நிறுத்திப் போட்டாள். மறுபடியும் டிக், டிக்.

அடித்தெடுத்த ஒவ்வொரு பாகத்துக்கும் எடுத்த அளவு, சோதனை, அனுப்பிய கணக்கு எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. லீவு முடிந்ததும் பெங்களூர் கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறார்கள். பழைய அளவுகளைக் கேட்பார்கள், காட்ட முடியாவிட்டால் ஆர்டர் வேறு ஷெட்டுக்குப் போய்விடும். காப்பி எடுத்து வைக்கிறேன் என்று கௌதம் வைத்த காப்பியும் அதே பெட்டிக்குள்தான்.

அதைவிட அவளுக்குப் பெரிசு அந்த ஆபீஸ் நாற்காலி. பத்தாவதோடு நின்றவள், பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள். கணக்கு சுத்தமாக இருக்கிறதென்று ஆனந்தின் அப்பா கூப்பிட்டு உட்கார வைத்த இடம். கம்பெனி கம்பெனியாக டிகிரி வைத்துக்கொண்டு பிள்ளைகள் அலைகிற ஊரில், இந்த நாற்காலி போனால் இந்த வயதில் இன்னொன்று கிடைக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனந்த் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, மொகமே சரியில்ல?"

"சர்வர் வரமாட்டேங்குது சார்."

"ஏன், என்னாச்சு?"

"கரண்ட் போயிப் போயி வந்துச்சு சார். அதுல நின்னுருக்கும்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான், கரண்ட் போனாலும் பெட்டியைத் தாங்குவதற்காக அதன் காலடியில் கிடந்த யுபிஎஸ் கண்ணில் பட்டது. போன பொங்கலுக்கு ராஜசேகர் கையால் பூட்டியது.

ராஜசேகர் குந்தாரப்பள்ளியில் ஒரு குடோனில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். போன் வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பி வந்தார். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெட்டிமேல் காதை வைக்கப் போய், பிறகுதான் கழற்றினார்.

"யாரு நிறுத்துனது?"

வினோதா ஆனந்தைப் பார்த்தாள். "கரண்ட் போச்சுங்க."

ராஜசேகர் குனிந்து யுபிஎஸ்ஸின் சின்னத் திரையில் எதையோ அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது வினோதாவுக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரிந்துவிட்டதென்று.

"இதுல ரெண்டு டிஸ்க் தம்பி. ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் எழுதும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு தாங்கும்" என்று ஆனந்துக்கு விளக்கிக்கொண்டே மேல்தட்டின் சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். மேலே ஈரச் சந்தனம், அடியில் காய்ந்து வெடித்த பழைய சந்தனம், அதற்கும் அடியில் குண்டூசித் தலையளவு ஒரு விளக்கு. அது மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு காலமாகவோ எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அவர் விரல் அப்படியே நின்றது. வருஷா வருஷம் இந்தப் பெட்டிக்குப் பொட்டு வைப்பது யாரென்று அவருக்குத் தெரியும். வீட்டில் அவளே சொல்லிச் சிரித்ததுதான்.

"நீங்க சொன்ன ரெண்டுல ஒண்ணாவது வருமாண்ணே?" என்று கேட்டார் ஆனந்த்.

"பாக்கலாம். இந்த மாதிரி டிஸ்க் இப்பக் கடையில கெடைக்காது. வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

போனவர் கையில் ஒரு டிஸ்க்கோடு திரும்பினார். பின்னறைச் சர்வர்களில் அவர் அதிகம் கொண்டாடுகிற நடுப்பெட்டியிலிருந்து கழற்றியது. சேலம்காரர் அவசரம் என்று கேட்டபோதுகூட அதைத் தரவில்லை.

கீழ்த்தட்டு டிஸ்க்கை உருவி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி தேய்த்துச் சூடேற்றினார். "வருஷக்கணக்கா சுத்துன டிஸ்க். நின்னு ஆறிட்டா உள்ள ஒட்டிக்கும். ஒரு தடவ எந்திரிச்சா போதும். இதுல வரலன்னா மறுபடி பண்ணக்கூடாது, உள்ள கீறிடும்."

ஆனந்த் சுவரோரம் நகர்ந்து நின்றார். மாதம்மாள் தேங்காய்மூடித் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். ராஜசேகர் மணிக்கட்டைச் சட்டென்று ஒரு திருப்புத் திருப்பி, அதே வேகத்தில் டிஸ்க்கை உள்ளே தள்ளினார்.

டிக்.

இன்னொரு டிக். பிறகு, தூரத்தில் பஸ் கிளம்புகிற மாதிரி, ஒரு ரீங்காரம் மெல்ல ஏறிக்கொண்டே போனது. கீழ்த்தட்டில் பச்சை எரிந்தது. ஸ்கிரீனில் எழுத்து ஓடத் தொடங்கியதும் அவர் மேல்தட்டின் செத்த டிஸ்க்கை உருவிவிட்டுத் தம்முடைய டிஸ்க்கை அங்கே செருகினார். அதன் விளக்கு பச்சையாகச் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது.

"ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு ஏறுது. முடியற வரைக்கும் யாரும் கிட்டயே வரக்கூடாது."

ஆனந்த் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பயம் தெளிந்ததும் அவருக்குள்ளிருந்த முதலாளி திரும்பி வந்துவிட்டார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கரண்ட் போனா யுபிஎஸ் தாங்கணுமில்ல? நீங்க பூட்டுனதுதான?"

"நாந்தான் பூட்டுனேன்."

"அப்புறம் ஏன் தாங்கல?"

வினோதா வீட்டுக்காரரின் வாயையே பார்த்தாள். பேட்டரி வீக்காயிடுச்சு என்று ஒரு வார்த்தை போதும். எந்தக் கம்பெனியில் பேட்டரி வீக்காகாமல் இருக்கிறது? அவர் ஒரு பேட்டரி மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. உலகத்தில் இருக்கிற கம்பெனிகளைப் பற்றியெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

ராஜசேகர் கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"கரண்ட் போவல தம்பி. போயிருந்தா யுபிஎஸ்ல காட்டும். மொறையா நிறுத்தியிருக்காங்க. இந்த வயசு டிஸ்க்கு ஓடுற வரைக்கும் ஓடும், நிறுத்துனா எந்திரிக்காது. மேல இருந்தது முன்னாடியே செத்துப்போச்சு. லைட்டு எரிஞ்சு சொல்லியிருக்குது. சந்தனம் மறைச்சதால யாருக்கும் தெரியல."

ஆனந்த் திரும்பினார். "கரண்ட்டுன்னு சொன்னீங்களேக்கா?"

வினோதா குனிந்து யுபிஎஸ்ஸைப் பார்த்தாள்.

"நாந்தான் தம்பி நிறுத்தச் சொன்னேன்" என்றாள் மாதம்மாள் வாசலிலிருந்து. "திட்டறதுன்னா என்னையத் திட்டு. பூஜ நாளாச்சேன்னு சொன்னேன். எனக்கு என்னா தெரியும் இதெல்லாம்?"

"நீ சும்மா இரு மாதம்மாக்கா." ஆனந்த் குரலை உயர்த்தவில்லை. அதுதான் வினோதாவுக்கு அதிகம் பயமாக இருந்தது. "நிறுத்துனத நான் தப்புன்னு சொல்லல. பொட்டு வெச்சதையும் சொல்லல. எனக்கே தெரியாது. நான் வந்து கேட்டப்ப என் மூஞ்சியப் பாத்துக் கரண்ட்டுன்னீங்க பாருங்க. நாளைக்கு ஆடிட்டுக்காரன் முன்னால உங்கள உக்கார வெச்சுட்டு, நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு நான் யோசிச்சுட்டு நிக்கணும்."

"சார்..."

"அப்பா போட்ட ஆளு, உங்கள அனுப்ப மாட்டேன். லீவு முடிஞ்சு பேக்கிங்குக்கு வந்துடுங்க. ஆபீசுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

ராஜசேகரிடம், "முடிஞ்சதும் கூப்பிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஆனந்த் ஷெட்டைத் தாண்டிப் போனார். மாதம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஏதோ கெஞ்சிக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் வரை அவள் குரல் கேட்டது.

அறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ராஜசேகர் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். மேல்தட்டு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. வினோதா ஆபீஸ் மேஜைக்குப் போய் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த கவிப்ரியாவின் போட்டோவை உருவினாள். அது ஒட்டிக்கொண்டிருந்ததால் கிழியாமல் எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. குடை இந்த அறை மூலையில் இருந்தது. எடுக்க வந்தாள்.

"அந்த டிஸ்க்கு எனக்கு வேணாம். இங்கயே இருக்கட்டும்" என்றார் அவர், பெட்டியைப் பார்த்தபடியே.

அவள் குடையை எடுத்தாள்.

"நான் பூட்டுன யுபிஎஸ்ஸுங்கறதாலதான் அப்படிச் சொன்னேன்னு நெனைக்காத. என் பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போவுது. ஆனா டிஸ்க்கு ஏன் நின்னுச்சுன்னு நெசத்தச் சொல்லலன்னா, அடுத்த வருஷமும் எவளாச்சும் வந்து நிறுத்துவா."

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

அவர் ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் ஒரு அபிப்பிராயம் வைத்திருக்கிற முகத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

"வினோதா. பேட்டரின்னு சொல்லியிருக்கணுமா? நீயே சொல்லு."

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. வினோதா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.