பதினேழாம் எண் கிளம்பிய நேரம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் நான் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும்தான். யாரிடமும் போய்க் கற்ற தொழில் இல்லை. உடைந்த கடிகாரம் ஒன்றைப் பிரித்துவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் மூன்று மாதம் முழித்தேன் பாருங்கள், அந்த முழிப்பில் வந்த தொழில். அதில் எனக்குப் பிடித்தது கடிகாரத்தைவிட அதைக் கொண்டுவருகிறவர்களின் பேச்சு. வடக்கனந்தலிலிருந்து வந்த ஒரு விவசாயி தன் கைக்கடிகாரத்தை நீட்டி, “ஓடுதுங்க, ஆனா மனசில்லாம ஓடுது” என்றார். இன்றுவரைக்கும் மெதுவாக ஓடும் கடிகாரத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

எனக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பார்த்தவனை நான் மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். உறவு ஒன்றும் இல்லை. ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்ததில் வந்த முறை அது. அஞ்சாவதோடு படிப்பை விட்டவன். வண்டி தெருமுனையில் வரும்போதே சத்தத்தைக் கேட்டு, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வருஷங்கள் அவை. டீக்கடையில் வேலை, சர்ட்டிபிகேட், சதவீதம் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மச்சான் அதையெல்லாம் கேட்டுவிட்டு, “எனக்கு ஒதுக்கித் தந்தாலும் நீட்டறதுக்கு ஒரு காயிதம் இல்லியே மச்சான்” என்று சிரிப்பான். ஆனாலும் மறியல் நடந்த வாரம் அவனும் போனான். சின்னசேலம் ரோட்டில் ஒரு புளியமரத்தைத் தள்ளும்போது தானும் ஒரு கை கொடுத்ததாக வந்து சொன்னான்.

அந்தப் புரட்டாசியில்தான் ஊரில் புதிதாக மோட்டார் சைக்கிள் ஷோரூம் திறக்க இருந்த ஒருவர் ஒரு பந்தயம் அறிவித்தார். கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்திலிருந்து கல்வராயன் மலை ரோட்டில் மேலே முதல் ஊர் வரைக்கும். பாதி தார், பாதி சரளை. எல்லோரையும் சேர்த்து விடக் கூடாது, ரோடு அகலம் போதாது. மூன்று நிமிடத்துக்கு ஒருவராக விட வேண்டும். யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறாரோ அவருக்கு ஷோரூம் ஒர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக் வேலை. சர்ட்டிபிகேட் கேட்க மாட்டோம் என்று நோட்டீசிலேயே அடித்திருந்தது.

மச்சான் அந்த நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எடுத்து எடுத்துப் பார்த்ததில் அதில் கிரீஸ் ரேகை படிந்து எழுத்தே மங்கிவிட்டது.

நேரம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் கடிகாரக்காரன் நான்தானே. ஏற்பாடு எளிது: இரண்டு கடிகாரங்களை விநாடி பிசகாமல் ஒன்றாக வைத்தேன். ஒன்று மலைமேல் ஒரு வாத்தியாரிடம், இன்னொன்று அடிவாரத்தில் என்னிடம். யார் எப்போது கிளம்பினார் என்று நான் எழுதுவேன், எப்போது வந்து சேர்ந்தார் என்று அவர் எழுதுவார். கழித்துப் பார்த்தால் தீர்ந்தது.

முதல் நாள் சீட்டுக் குலுக்கினார்கள். மச்சான் கையெல்லாம் ஆயில். “நீ எட்றா மச்சான், உன் கை சுத்தம்” என்றான். நான் எடுத்தேன். பதினேழு. மொத்தமே பதினேழு பேர்.

“கடைசிதான?” என்றான். “நல்லதாப் போச்சு. எவன் எவ்ளோன்னு தெரிஞ்சுக்கினு போலாம்.”

காலை எட்டு மணிக்கு ஆரம்பம். அப்படிப் பார்த்தால் பதினேழாம் எண் எட்டு நாற்பத்தெட்டுக்குக் கிளம்ப வேண்டும். அந்த மாதத்தில் மலையில் மதியத்துக்கு மேல்தான் மழை. ஒன்பதரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு ஒரு கவலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆனது. கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. சேலத்திலிருந்து வருகிறார், சின்னசேலம் பக்கம் மரங்கள் இன்னும் எடுத்தபாடில்லை, கார் சுற்றி வருகிறது என்று ஒருவர் வந்து சொன்னார். ஒன்பது ஆனது. பத்து ஆனது. பதினேழு பேரும் வண்டியைப் பந்தல் நிழலில் சாய்த்துவிட்டு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்கள்.

மச்சான் என் பக்கத்தில் வந்து குந்தினான். “அந்தாளு காரு நிக்கிறது எந்த மரத்தாண்ட, கேட்டியா?”

“இன்னாத்துக்கு?”

“நான் தள்ளின மரமா இருக்கப்போவுது.”

சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுபோனது.

சாலையோரம் மலையிலிருந்து இறங்கிவந்த ஓர் அம்மா சீத்தாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். மலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பழத்தை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “ஏங்க, இன்னும் வுடலியா? ரெண்டு மணிக்கெல்லாம் மேல கறுத்துக்கும். நேத்தும் அப்டித்தான், முந்தாநாளும் அப்டித்தான்.”

“அதுக்குள்ள முடிஞ்சிரும்மா.”

“உங்குளுக்கு மாலை போட்டாத்தான் காரியம் நடக்கும். மழைக்கு மாலையும் வாணாம், மைக்கும் வாணாம்.”

பதினொன்றே முக்காலுக்குக் கார் வந்தது. மாலை, பொன்னாடை, பேச்சு. வாகனங்களின் வேகத்தைப் பற்றி அவர் மெதுவாகப் பேசினார். முடிக்கும்போது என் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. மலைக்கு மேல் வெள்ளை மேகம் ஒன்று, பருத்திப் பொதி மாதிரி, அப்போதுதான் எட்டிப் பார்த்தது.

கொடியைக் கையில் கொடுக்கப் போனார்கள். அங்கேதான் விழாக் குழுச் செயலாளர் குறுக்கே விழுந்தார். அரிசி ஆலை வைத்திருந்தவர், நல்ல மனுஷர். “ஞாயித்துக்கிழம. பன்னண்டுலேர்ந்து ஒண்ணர எமகண்டம். இப்ப ஆட்டக் கூடாது.”

நான் ஓடிப்போய்ச் சொன்னேன்: “அண்ணே, ஒண்ணரைக்கு ஆரம்பிச்சா கடைசி ஆளு போவறதுக்கு ரெண்டே காலுக்கு மேல ஆயிடும். மழை புடிச்சிக்கும்.”

“எமகண்டத்துல கொடிய ஆட்டி, எவனாவது பள்ளத்துல உழுந்தா அவன் வூட்டுக்கு நீ போய் பதில் சொல்றியா?”

“அப்ப மூணு நிமிஷத்த ஒரு நிமிஷமாக்கிடுங்க.”

“நோட்டீசுல மூணுன்னு அடிச்சாச்சே தம்பி.”

“சீட்டையாவது திருப்பிக் குலுக்கலாம்.”

“முன்னாடி எடுத்தவன் சும்மா வுடுவானா? ஊரு இர்க்கிற இருப்புல அடிதடி ஆயிடும்.” என் தோளைத் தொட்டார். “வராதுப்பா மழை. எனக்குத் தெரியும்.”

அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கையைக் கட்டிப்போட்டது. கோபப்பட ஓர் ஆள் கிடைக்கவில்லை. மச்சானிடம் வந்து உட்கார்ந்தேன். அவன் என் முகத்திலேயே படித்துவிட்டான். அந்தப் பருத்திப் பொதி மெல்ல மெல்லச் சாம்பலாவதை இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்ய?

ஒன்று முப்பத்தொன்றுக்கு முதல் வண்டி கிளம்பியது. எழுதினேன். ஒன்று முப்பத்துநான்கு. எழுதினேன். கையில் இருப்பது மணி காட்டும் பொருள். என் பிழைப்பே அதுதான். அந்த முள்ளை ஒரு மயிரிழை நிறுத்திவைக்க என்னால் ஆகவில்லை.

பதினோராவது ஆள் போனதும் காற்று திசை மாறியது. மண் வாசனை வந்தது. அந்த அம்மா கூடைமேல் சாக்கை இழுத்து மூடினார். இரண்டு ஐந்துக்கு மலை அப்படியே காணாமல் போனது.

மச்சான் குனிந்து, ஈரத்தில் பிடிமானம் கிடைக்க, இரண்டு டயரிலும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கினான். “மொத பத்து நிமிஷ மழைதான் மோசம் மச்சான். தூசியும் ஆயிலும் சேந்து பசையாயிடும். அப்புறம் கழுவிடும்” என்றான். எனக்குத் தைரியம் சொன்னானா, தனக்கா, தெரியவில்லை. இறங்கிவந்த ஜீப்பிலிருந்து ஒருவர் கத்தினார்: “பன்னண்டு வழுக்கிட்டான்! காலுல அடி, வேற ஒண்ணும் இல்ல!”

செயலாளர் குடைக்கடியில் நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

சீத்தாப்பழக்கார அம்மா, யாரிடம் என்றில்லாமல், சொன்னார்: “முன்ன போனவனுக்குக் காஞ்ச ரோடு, பின்ன போறவனுக்கு ஈர ரோடு. கடியாரம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு.”

இரண்டு பத்தொன்பதுக்குக் கொடி விழுந்தது. மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். பின்சக்கரம் வாரியடித்த சேறு என் நோட்டின் ஓரத்தில் விழுந்தது. முதல் வளைவில் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு மழைச் சத்தம்தான்.

நான் எழுத வேண்டியது இரண்டு பத்தொன்பது. அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. எல்லோரும் பந்தலுக்குள் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு இருபது என்று எழுதினேன். ஒரே ஒரு நிமிடம். என் வாழ்நாளில் நேரத்தை மாற்றி எழுதியது அந்த ஒரு முறைதான். மற்ற எல்லோரும் சேர்ந்து அவனிடமிருந்து ஐந்தரை மணி நேரத்தைப் பிடுங்கினார்கள், நான் ஒரு நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மழை விட்டு, வாத்தியார் தாளோடு இறங்கிவந்தார். பந்தலில் வைத்துக் கழித்தோம். நாலாம் எண்ணில் போனவன் பதினேழு நிமிடம் பத்து விநாடி. அவன்தான் முதல். காய்ந்த ரோட்டில் போனவர்கள் எல்லோரும் பத்தொன்பதுக்குள் வந்திருந்தார்கள். மழையில் மாட்டியவர்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. மச்சானுக்குப் பத்தொன்பது நிமிடம் இருபது விநாடி.

நான் கொடுத்த நிமிடம் போதவில்லை. இரண்டு கொடுத்திருந்தாலும் போதியிருக்காது. அந்த இடத்தில் எனக்கு வந்த வெட்கம் மாட்டிக்கொள்வேன் என்பதால் வந்தது இல்லை. இவ்வளவு செய்தும் ஒன்றும் ஆகவில்லையே என்பதால் வந்தது.

மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து தாளைப் பார்த்தான். வேலை போயிற்று என்று தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு விரலை அந்த எண்ணின் மேல் வைத்தான்.

“பத்தொம்போதா? அந்த மழையிலியா?”

“ஆமா.”

“நான் இருபது, இருபத்தொண்ணு இருக்கும்னு நெனச்சேன்.” அவன் முகம் மெல்ல மலர்ந்தது. “கரீட்டாத்தான எழுதின?”

வாத்தியார் பக்கத்தில் இருந்தார். செயலாளர் இருந்தார். அவர்கள் இல்லாவிட்டாலும் நான் வேறு சொல்லியிருக்க மாட்டேன்.

“கரீட்டாத்தான் எழுதினேன்.”

அந்த வேலைக்கு நாலாம் எண் போனான். மச்சான் புங்கமரத்தடியிலேயே இருந்தான். ஆனால் வண்டி விட வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வான்: “மலை ரோட்டுல, கொட்டற மழையில, பத்தொம்போது நிமிஷம் சார். வோணும்னா இவரக் கேளுங்க. இவர்தான் கடியாரம் புடிச்சாரு.” அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்துகொண்டே தலையை ஆட்டுவேன்.

யோசித்துப் பார்த்தால், அவன் உண்மையில் ஓட்டிய இருபதே அன்றைக்கு மழையில் போன எவனும் தொடாத நேரம். அதுவே அவனுக்குப் போதும். நான் கை வைக்காமல் இருந்திருந்தால் முழுக்க அவனுடையதாகவே இருந்திருக்கும். அந்த நாளில் அவனுக்கு மிஞ்சியது அந்த ஓர் எண்; அதிலும் ஒரு நிமிடம் பொய், அந்தப் பொய் என்னுடையது. எடுத்துச் சொன்னால் மிச்சத்தையும் அவன் நம்ப மாட்டான். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்ட வேண்டும்.

போன மாதமும் ஒருவரிடம் சொன்னான். நான் ஆட்டினேன்.