ஜெபத்துக்குப் பின் கேள்வி நேரம்

என் மனைவியின் கழுத்தில் கட்டி வந்த சமயத்தில் நான் ஒரு மாநாட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தது என் லோடு ஆட்டோவின் டிரைவர் சீட்டில். மாநாடு எங்கோ ஓர் அரங்கத்தில் எப்போதோ நடந்து முடிந்தது. அறிவியல், பகுத்தறிவு, சமயம் என்று தலைப்பு வைத்து, பேசியவர்களையெல்லாம் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள்.

நான் அதைத் தேடிப் போகவில்லை. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டுவிட்டோம். ஆட்டோ ஏன் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது என்று கைப்பேசியில் கேட்டேன். அண்டம் எப்படி ஸ்டார்ட் ஆனது என்று ஒரு பேராசிரியர் வந்தார். இரண்டும் ஒரே ரிப்பேராக இருக்கும் என்று நம்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆழ்வார்திருநகரிப் பக்கம் தோப்புகளில் வாழைத்தார் வெட்டி ஏற்றும் வரை எனக்கு வேலை இல்லை. மண்டியில் இறக்கும்போதும் இல்லை. அப்போதெல்லாம் பேச்சுதான். ஒரு நாள் மண்டி அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னவே, அசையாம இருக்கீரு? படமா?"

"மாநாடு அண்ணாச்சி."

"மாநாட்டுக்குப் போனா பிரியாணிப் பொட்டலமாவது குடுப்பான். இதுல என்னவே குடுக்கான்?"

"சந்தேகம் குடுக்கான் அண்ணாச்சி."

"அது ஒமக்கு ஏற்கெனவே நெறைய இருக்கே. எடம் இருக்கா வைக்க?"

சிரித்தேன். ஆனால் இடம் இருக்கத்தான் செய்தது. பலித்த ஜெபங்களை ஞாபகம் வைத்துக்கொண்டு பலிக்காதவற்றை மறந்துவிடுகிறோம் என்று ஒரு மருத்துவர் பேசினார். சரிதான் என்றேன். அடுத்து வந்த பெரியவர், ஜெபம் என்பது கடையில் சாமான் கேட்பது போல அல்ல என்றார். அதுவும் சரிதான் என்றேன். என் ஆட்டோவின் வைப்பர்கூட இத்தனை ஒழுங்காக இரண்டு பக்கமும் போகாது.

அப்புறம்தான் எங்கள் டாக்டர் பேசினார். கெட்ட கட்டி இல்லை, பயம் வேண்டாம். ஆனால் அதை ஒட்டிக் குரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. கவனமாகத்தான் எடுப்போம், இருந்தாலும் குரல் கம்மிப் போகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம்.

அவள் எங்கள் வேதக்கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. வீட்டில் சாளை மீனைக் கழுவும்போதுகூடக் கீர்த்தனை பாடித்தான் அதை வழியனுப்புவாள். அந்தச் சத்தம் இல்லாத வீட்டை எவ்வளவு முயன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆட்டோ ஓட்டும்போது சும்மா சும்மா ஹாரன் அடித்தேன், ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் சபை ஐயர் ஜெபம் பண்ண வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். அக்கம்பக்கத்து ஆட்களும் பாயில் உட்கார்ந்தார்கள். அவர் ஜெபித்து முடித்ததும் வீட்டுக்காரன் முடிவு ஜெபம் பண்ண வேண்டும் என்பது தெரு வழக்கம். அதற்கென்று என் அப்பாவிடமிருந்து வந்த ஜெபம் ஒன்று என்னிடம் இருந்தது. ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன், இடையில் மூளையைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

கண்ணை மூடி ஆரம்பித்தேன். 'விசுவாசிக்கிறோம்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. நம்பாமல் சொன்னால் அது ஏமாற்று. சொல்லாமல் விட்டு, நாளைக்கு அவள் குரல் போய்விட்டால், பிறகு நான் எந்த முகத்தோடு அவள் எதிரே உட்கார்ந்து சோறு தின்பேன்? பாயில் யாரோ இருமினார்கள். ஏதாவது பேசியாக வேண்டும். பல நாளாகக் கேட்டு ஊறியிருந்த மேடைத் தமிழ் நாக்கில் ஏறிவிட்டது.

"எனக்கு ஒதுக்கப்பட்ட இந்தக் குறுகிய நேரத்தில் ஒரே ஒரு கருத்தை முன்வைத்து அமர்கிறேன். அவளுக்குக் குரல் வேண்டும். அது கிடைக்கும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. வாய்ப்புக்கு நன்றி. கேள்விகள் இருந்தால் கேட்கலாம்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. எங்கே சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஐயர்தான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மெதுவாக "ஆமென்" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது என் காதோரம் குனிந்தார். "தம்பி, அது எந்த மாநாடு? எனக்கும் அனுப்பி வைங்க."

எல்லாரும் போன பிறகு அடுப்படிக்குப் போனேன், வசவு வாங்க. அவள் திரும்பாமலே பேசினாள்.

"கேள்வி கேக்கலாம்னு சொன்னியள்லா. நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுட்டி."

"என் தொண்டை போயிட்டுன்னா, எங்கூட எப்படிப் பேசுவிய?"

"இப்ப மட்டும் நானா பேசுதேன்? நீ பேசுத, நான் தலையை ஆட்டுதேன்."

அவள் சிரிக்கவில்லை. "நெசமாத்தான் கேக்கேன்."

"தெரியலட்டி" என்றேன். மாநாட்டில் அண்டத்தைப் பற்றிப் பேசிய பேராசிரியர் ஒரு கேள்விக்கு 'தெரியாது' என்று சொன்னபோது அரங்கமே கை தட்டியது. இங்கே குழாய் சொட்டும் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் தாலிச் செயினைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பழக்கத்தில், அடுத்த பேச்சை ஓட விட்டேன். அற்புதங்கள் பற்றி யாரோ பேசினார். வாய் அசைவதுதான் தெரிந்தது. நிறுத்திவிட்டேன். அப்போது அப்பாவின் ஜெபம் தானாக முழுசாக ஓடியது, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சாவியை எடுத்த பிறகும் உதறிக்கொண்டு ஓடுகிற பழைய என்ஜின் மாதிரி. அது ஜெபத்தில் சேர்த்தியா என்று அந்த மாநாட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் நர்ஸ் அவள் தோளைத் தட்டினார். "அம்மா, ஏதாவது பேசுங்க பாப்போம்."

அவள் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. என் கைக்குள் இருந்த செயின் வேர்வையில் வழுக்கியது. நர்ஸ் மறுபடியும், "பைய பேசுங்கம்மா, அவசரமில்ல" என்றார்.

"கேள்வி நேரம்..." சரளைக்கல்லில் மண்வெட்டியை இழுத்தது போல ஒரு சத்தம். "முடிஞ்சிட்டா?"

"மயக்கத்துல என்னமோ சொல்லுதாங்க, பயப்படாதிய" என்றார் நர்ஸ். நான் அழுவதைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பேச்சு வந்துவிட்டது. என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டது. பாட்டைப் பற்றி டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முன்வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

நேற்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வெளியறையில் ஒரு பேச்சு பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து முனகல் மாதிரி ஏதோ வந்தது. பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். குழாயும் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டா, தண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம்தான். பயமாக இருந்தது. குழாயை மூடிவிடாதே என்று வேண்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.