தங்கையின் பின்னலைக் காத்த வருடம்

என் தங்கை இறந்தது நவம்பர் மாதத்து மூன்றாம் வெள்ளி, பிற்பகல் மூன்று பத்துக்கு. அதற்கு முந்தைய பதினொரு நாளும் என் டைரியில் ஒரே வரிதான்: ‘மாப்பிள்ளை இன்றும் வரவில்லை.’ செம்பாக்கத்தில் அவள் கணவர் வீட்டிலிருந்து தாம்பரத்தில் என் வீட்டுக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிடம்.

“உங்க வீட்ல பாத்துக்க ஆள் இருக்கு மச்சான், எனக்கு ஆபீஸ்ல ஆடிட்” என்று அவளைக் கொண்டுவந்து விட்டபோது புடவைப் பெட்டியையும் சேர்த்தே விட்டுப் போனார். அவள் போன ஏழாம் மாதம் அவருக்கு மறுமணம். அழைப்பிதழ் தபாலில் வந்தது. வந்த தேதியைக் குறித்துக்கொண்டேன்.

வட அமெரிக்காவின் லகோட்டா மக்களைப் பற்றி அப்போது படித்துக்கொண்டிருந்தேன். இறந்தவரின் ஒரு கற்றை முடியை மூட்டையாகக் கட்டி, ஒரு வருடம்போல வீட்டில் காப்பார்கள். அதில் உயிர் தங்கியிருக்கும். காப்பவர் சண்டை போடக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது, யாருக்கும் கெடுதல் நினைக்கக்கூடாது. நாள் வந்ததும் இருப்பதையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு மூட்டையை வாசலுக்கு வெளியே எடுத்துவந்தால் உயிர் விடுபட்டு, வந்த இடத்துக்கே போய்ச் சேரும். இப்படிக் காக்கப்படாத மற்ற உயிர்கள் பால்வீதி வழியே தெற்கே நடக்கும். வழியில் ஒரு கிழவி நின்று, பச்சை குத்தாதவர்களைக் கீழே தள்ளிவிடுவாள். மாப்பிள்ளையை அவள் தள்ளுவதாக நினைத்து அந்தப் பக்கத்தைப் பலமுறை படித்தேன். என் தங்கையும் பச்சை குத்தியதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் அவளே வெட்டிக் கொடுத்த பின்னல் என்னிடம் இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். எங்கள் சபை ஆயரிடம் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்கக் கத்தியைத் தொடவில்லை. மாம்பழத்தைக்கூட என் மனைவிதான் நறுக்கித் தந்தாள். கெடுதல் நினைக்காமல் இருப்பது மட்டும் ஒரு நாளும் முடியவில்லை.

முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு நான்கு நாள் முன்பு மாப்பிள்ளை போன் செய்தார்.

“அந்தக் கல்யாணப் பட்டு சும்மாதானே மச்சான் கெடக்குது? ஜெபத்துக்கு வரும்போது எடுத்துக்கறேன். இவளுக்கு அந்தக் கலர் பிடிக்கும்.”

“வாங்க மாப்பிள்ளை” என்றேன்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தேன். தெரு முழுக்கப் புடவைகள் போயின. பட்டு, எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மாவுக்கு. தங்கைக்குக் கடைசியாகப் பிடித்திருந்தது அவர் கொடுத்த நெத்திலிதான்.

“இன்னா சார், மீன் கூடையத் தூக்கிகினு பட்டு கட்டிகினா ஜனம் சிரிக்காது?”

“ஜெபத்துக்குக் கட்டிகிட்டு வாங்கம்மா. அது போதும்.”

லகோட்டா வழக்கப்படி செய்தேன் என்று டைரியில் எழுதிவிட்டு, பொய் என்பதால் அடித்துவிட்டேன்.

ஜெபத்தன்று மீன்கார அம்மா அந்த அரக்குப் பட்டில் வந்து, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அது மாப்பிள்ளையின் புது மனைவிக்குப் பக்கத்து நாற்காலி. அதைக் காலியாக வைத்திருந்தவன் நான். மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. ஆயர் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“வேணும்னே பண்ணீங்க, இல்ல?”

“ஆமா.”

“ஒரு வருஷம் ஆச்சு மச்சான். இன்னும் எத்தனை நாள் பிடிச்சு வச்சிருப்பீங்க? விட்டுருங்க.”

1890இல் அமெரிக்க அரசாங்கமும் லகோட்டாக்களிடம் அதைத்தான் சொன்னது: இந்தச் சடங்கு கூடாது, காத்துவரும் உயிர்களையெல்லாம் குறித்த நாளில் விட்டுவிடுங்கள் என்று. அவரிடம் அதைச் சொல்லவில்லை. “பதினொரு நாள்” என்று மட்டும் சொன்னேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு சாப்பிடாமலே போனார்.

மழை விட்டிருந்தது. பின்னலை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். இன்னும் ஓரடி வைத்தால் தெரு. அவர் முகம் கறுத்தது கண்ணுக்குள்ளேயே இருந்தது. எனக்கு அது இனித்தது. அந்த இனிப்போடு எடுத்துப்போகிற கையிலிருந்து அவள் விடுபட்டுப் போகமாட்டாள், கிழவியிடம்தான் மாட்டுவாள். இனிப்பை விடவேண்டும், இல்லையென்றால் அவளைத் திரும்ப உள்ளே கொண்டுபோகவேண்டும்.

பின்னலைத் திரும்பவும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். டைரியில் புதுப் பக்கம் எடுத்து, தேதி போட்டு எழுதினேன்: ‘முதல் நாள்.’