மறைமலைநகர் ரெண்டு

எங்கள் திருவிடந்தையில் அங்கன்வாடி அறையில் சாயங்காலம் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆள் கேட்டார்கள். பத்தாவது வரை படித்த நான் பெருமாளை நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். மீன் விற்பவர்களும் விடுதிகளில் துணி துவைப்பவர்களும்தான் மாணவிகள். கரும்பலகை முன் உட்கார்ந்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒருநாள் 'ஆ'வுக்கு ஆட்டுப் படம் காட்டினேன்.

"ஆட்ட எங்களுக்குத் தெரியாதா டீச்சரம்மா?" என்றாள் மீன்கார அக்கா. "பஸ்ஸு போர்டு படிக்கக் கத்துக்குடு. அவன இவன கேட்டுகினு நிக்கறது பேஜாரா கீது."

மறுநாள் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டுப் பேருந்து ஆக்கினேன். காலண்டர் அட்டைகளில் ஊர்ப்பெயர்கள் எழுதினேன். மீன்கார அக்காதான் டிரைவர். அவள் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். அது தான் போக வேண்டிய ஊர் என்றால் மட்டும் ஏற வேண்டும். யாரையும் கேட்கக் கூடாது, வாயைத் திறந்தால் அவுட். தப்பாக ஏறியவள் இறங்கி அறையைச் சுற்றி நடக்க வேண்டும். நான் கண்டக்டர், காகிதம் கிழித்துச் சீட்டுக் கொடுப்பேன்.

"லேடீஸுக்கு ஃப்ரீ தான? அப்புறம் இன்னா மொறைக்கிற கண்டக்டரு?"

"பின்னாடி தள்ளி நில்லுடி. நீ ஏறுனா வண்டி சாயுது."

அதற்குப் பிறகு யாரும் தூங்கவில்லை.

ஒருத்தி மட்டும் சிரிக்க மாட்டாள். விடுதியில் படுக்கை விரிப்புத் துவைக்கிற அக்கா. அவளுடைய ஒரே மகள் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தவள், போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாள். "லீவு வுட்டா வந்து கூட்டிகினு போறேம்மா, கம்பெனிய காட்டறேன்" என்று சொல்லியிருந்தாளாம். அந்தக் கம்பெனி வாசலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் தாயின் ஆசை. வீட்டில் விடவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் வழி கேட்டால் தெரிந்தவர்கள் திருப்பி அழைத்து வந்துவிடுவார்கள். போர்டைப் படித்துக்கொண்டு தனியாகப் போக வேண்டும்.

விளையாட்டில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் பையை வைப்பாள், நாம் பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி. முதல் நாள் நான் கிட்டே போனபோது, "மறைமலைநகர் ரெண்டு" என்றாள்.

நான் இரண்டு கிழித்துக் கொடுத்தேன்.

பிறகு தினமும் இரண்டுதான். நிற்க இடமில்லாவிட்டாலும் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் போனபின் நாற்காலிகளை அடுக்கும்போது அதைக் கடைசியில்தான் தொடுவேன். நாராயணா என்று சொல்லிக்கொண்டே தூக்குவேன். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருக்கும்.

தை பிறந்த பிறகு அவள் எந்த அட்டையையும் தப்பாகப் படிக்கவில்லை. ஒரு நாள் வகுப்புக்கு வரவில்லை. காலையிலேயே கிளம்பிவிட்டாள் என்று அவள் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். இரண்டு இடத்தில் பஸ் மாற வேண்டும். அன்று யாருக்கும் விளையாட மனமில்லை. நாற்காலிகளைப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். புடவை முழுக்கப் புழுதி.

"யாரையும் கேக்கல டீச்சரம்மா. படிச்சேதான் போனேன். கம்பெனி கேட்டாண்ட நின்னு பாத்தேன். ஷிப்டு வுட்டு எல்லாப் பொண்ணுங்களும் வெளிய வந்துச்சுங்க. கடைசிப் பொண்ணு வர்ற வரைக்கும் நின்னேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "பஸ்ஸுல ரெண்டுன்னு கேட்டேன். இன்னொரு ஆளு எங்கன்னு கேட்டான் கண்டக்டரு."

"நீ இன்னா சொன்ன?" என்றாள் மீன்கார அக்கா.

அவள் எழுந்துபோய்த் தன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் அட்டையைத் தூக்கினாள். நான் சீட்டுக் கொடுக்கப் போனேன்.

"ஒண்ணு" என்றாள்.

பழக்கத்தில் நான் அதற்குள் இரண்டு கிழித்துவிட்டிருந்தேன். ஒன்றைக் கொடுத்தேன். மற்றது இப்போது எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், பெருமாள் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளிக்கிழமை துடைக்கும்போது எடுப்பேன். தூக்கிப் போட மனம் வராமல் அங்கேயே வைத்துவிடுவேன்.