துரை விட்டுப்போன இரண்டு இருக்கைக் கார்

கண்டியில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தபோது, நான் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தேன். என் அப்பா வேலை செய்த ஹந்தானைத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை ஓட்டிய ஸ்போர்ட்ஸ் காரை விலைக்கு வாங்கினேன். துரை சீமைக்குத் திரும்பிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கார் கம்பளை வியாபாரி ஒருவரின் கொட்டகையில் கிடந்தது. இரண்டு இருக்கைகளிலும் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. வியாபாரிக்குக் காரைப் பிரிவதில் வருத்தமில்லை. இனிக் கோழிகளை எங்கே விடுவது என்பதுதான் அவர் கவலை.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்தக் கார் மலையிலிருந்து இறங்கி வரும். நாங்கள் தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கி நின்று பார்ப்போம். பச்சை உடம்பு, நீண்ட மூக்கு, உள்ளே, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத துரை. அதே காரை ஓட்டிக்கொண்டு ஒருநாள் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைவிட நல்ல ஆசைகள் இருப்பதாக என் மனைவி பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

கெலிஓயாவில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் மெக்கானிக்கை எல்லாரும் நானா என்றே கூப்பிடுவார்கள். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, துருவை விரலால் குத்திப் பார்த்தார்.

"இதுல இரும்பு எங்க இருக்குன்னு காட்டுங்க, மிச்சத்த நான் பாக்குறேன்" என்றார்.

இறக்குமதிக்குத் தடை இருந்த காலம். உளுத்துப்போன கதவுச் சட்டத்தைப் பலா மரத்தில் செய்தோம். காபரேட்டர் இரண்டு. அவற்றுக்கு மெல்லிய எண்ணெய் வேண்டுமென்று நானா சொன்னதால் மனைவியின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துப் போனேன். வீட்டில் மெஷினும் மனைவியும் கிறீச்சிட்டார்கள். நானா ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையால் இரண்டு காபரேட்டரும் ஒரே அளவில் காற்றை இழுக்கின்றனவா என்று கேட்பார். டாக்டர்கூட என்னை அவ்வளவு கவனமாகச் சோதித்ததில்லை.

இரண்டரை வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹந்தானைக்கு ஓட்டிப் போனேன். லயத்துக்கு ஒரு வளைவு கீழே கார் நின்றுவிட்டது. சத்தம் கேட்டு நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். அப்பாவும் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

"நீங்க ஏறி ஒக்காருங்கப்பா" என்றேன்.

"நீ ஸ்டேரிங் வளையத்தப் புடி. இத எங்க புடிச்சித் தள்ளணும்னு எங்களுக்குத் தெரியும்."

தள்ளி முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் சொன்னார். துரை காலத்திலும் அது ஏற்றத்தில் நிற்குமாம். சாயந்தரமானால் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் துரையின் பங்களா வரை தள்ளுவார்களாம். காலையில் இறங்கிய காரை மட்டுமே நான் பார்த்திருந்தேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"காரப் பத்தி என்கிட்ட யாரு கேட்டா?"

பிறகு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். பின்னாலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும். அது நின்றதும் காரும் நிற்கும். துரை அந்த இடத்தைப் பூட்ஸ் காலால் உதைப்பார். பலிக்காவிட்டால் ஆட்களைக் கூப்பிடுவார்.

இதை நானாவிடம் சொன்னேன். அவர் பின்னால் டிக் டிக்கென்று அடிக்கும் பெற்றோல் பம்பைக் கழற்றி, உள்ளே கறுத்துப்போயிருந்த சின்னத் தகடு ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அடுத்த ஞாயிறு அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காரை ஏற்றத்தில் விட்டேன். அவர் தோட்டத்தையும் பார்க்கவில்லை, கையசைத்தவர்களையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து அந்த டிக் டிக்கையே கேட்டுக்கொண்டு வந்தார். கார் பங்களா கேட் வரை நிற்காமல் ஏறியது. இறங்கி, வெறும் தகரத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓடுது. தொரை அன்னைக்கே தொறந்து பாத்திருக்கலாம்" என்றார்.

திரும்பும்போது அவர் ஏறவில்லை. அந்தக் காலத்தில் காரைத் தள்ளிவிட்டு இறங்கியதுபோலவே, குறுக்குப் பாதையில் நடந்தே லயத்துக்கு இறங்கினார்.