கன்னியம்மாள் படுத்த வாசல்

முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெண் குழந்தைகள் இல்லம் இருந்தது. அப்பா அம்மா இல்லாததுகள், இருந்தும் வைத்துக்கொள்ள வழியில்லாததுகள் என்று இருபத்தைந்து பிள்ளைகள் அங்கே வளர்ந்தன. நான் தையல்காரி. அந்தப் பிள்ளைகளின் பாவாடை சட்டையெல்லாம் என் மிஷினில் தைத்ததுதான். "டைலர் பார்வதிகிட்ட வாய் குடுக்காத" என்று தெருவில் சொல்வார்கள். குடுக்காவிட்டால் எனக்கென்ன நஷ்டம், தைக்கிற வேலை நடக்கும். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. அந்த இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கன்னியம்மாளைப் பற்றி.

கன்னியம்மாள் அதற்கு முன்னால் மில்லில் வேலை பார்த்தவள். இருபது வருஷம் தறிச் சத்தத்தில் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். புருஷன் போய்விட்டான், பிள்ளை பிறக்கவில்லை, மில்லில் ஆள் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள். இல்லத்துக்கு ஆயா வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். வந்த முதல் வாரமே பிள்ளைகள் அவளைக் கன்னிம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டன. இருபத்தைந்து தலைக்கும் எண்ணெய் வைத்துப் பின்னி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும், அவளுக்கு அதில் அலுப்பே வராது.

இல்லத்துக்குச் செயலாளர் தெய்வசிகாமணி. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், அவரும் ஒரு சொல்தா. எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷர், பிள்ளைகளுக்காக அலையாத இடமில்லை. ஆனால் பெண் பிள்ளைகள் என்றால் அவருக்கு ஒரே பயம். ராத்திரியானால் பிள்ளைகள் படுக்கிற கூடத்தை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தூங்கப் போய்விடுவார். திண்டுக்கல் பூட்டு, உரலில் போட்டு இடித்தாலும் உடையாது.

எழுபத்து நாலாம் வருஷம் அரசாங்கத்திலிருந்து சந்திரகலா என்ற ஆய்வாளர் வந்தார். சின்ன வயசு, மெல்லிசான குரல், ஆனால் பார்வை மட்டும் எதையும் விடாது. சமையல்கட்டைப் பார்த்தார், கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார். கூடத்து வாசலுக்கு வந்ததும் பூட்டைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இதை யார் பூட்டறது?"

"நான்தான் மேடம். பொம்பளப் புள்ளைங்க, காலம் கெட்டுக் கெடக்குது" என்றார் முசியே பெருமையாக.

"உள்ள தீப்பிடிச்சா?"

புது விதிப்படி பிள்ளைகள் இருக்கிற அறையை வெளியே பூட்டக்கூடாது, கதவுக்குப் பக்கத்தில் பொறுப்பான பெண் ஒருத்தி படுக்க வேண்டும், தண்ணீரும் மணலும் வாளியில் தயாராக இருக்க வேண்டும், இல்லத்தை வந்து பார்க்கிற கமிட்டியில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். உள்ளூர்ப் பெண்ணுக்கு அதிக தூரம் போக வேண்டாம் என்று எதிர் வீட்டில் இருந்த என்னைப் பிடித்துப் போட்டார்கள். வாயாடியைக் கமிட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று முசியேவுக்கு அப்போது தெரியாது.

மேடம் போனதும் முசியே கன்னியம்மாளைக் கூப்பிட்டார். "பூட்டு வாணாமாம். நீ கூடத்து வாசப்படிய ஒட்டிக் குறுக்கால படுத்துக்க. உன்னத் தாண்டி ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாது, வெளிய போவக்கூடாது."

"வாசல மறிச்சிப் படுக்கறது வூட்டுக்கு ஆவாதே முசியே."

"கவர்ன்மென்ட் ஆர்டர்."

கன்னியம்மாள் பாயை எடுக்கப் போனாள். அன்றிலிருந்து மத்தியானத் தூக்கமானாலும் ராத்திரியானாலும் கூடத்து வாசலுக்குக் குறுக்கே உள்பக்கமாகப் பாய் போட்டுப் படுத்தாள். மெலிந்த உடம்பில்லை அவளுக்கு. அந்தக் கல் நிலையிலிருந்து இந்தக் கல் நிலை வரை நிறைத்துக்கொண்டு படுப்பாள். "எவனாச்சும் வரட்டும் பார்வதி, என் மேல கால் வச்சித்தான் உள்ள போவணும்" என்று என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. யாருக்கோ காவலாக இருக்கிறோம் என்ற சந்தோஷம்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு சின்னப் பெண் வந்து சேர்ந்தாள். ஏழு வயது இருக்கும், உடம்பு நான் துணி அளக்கிற கோலை விடக் கொஞ்சம் பெரிசு, பெயர் மட்டும் ராஜாம்பாள். அவள் அம்மாவை வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். அம்மா பிழைக்கவில்லை. கூட வந்த சொந்தக்காரி, எனக்கே நாலு பிள்ளைகள் என்று கும்பிடு போட்டுவிட்டாள். ராஜாம்பாள் வந்த நாளிலிருந்து கன்னியம்மாளின் முந்தானையை விடவில்லை. பாயும் அவள் பாய்க்கு அடுத்த பாய்தான்.

ஒரு வாரத்தில் பிரச்சினை ஆரம்பமானது. ராஜாம்பாள் தினமும் பாயை நனைத்தாள். கன்னியம்மாள் விடிவதற்குள் பாயைக் கழுவித் தெருவைத் தாண்டி வந்து என் வீட்டுக் கொடியில் போட்டுவிடுவாள், முசியே கண்ணில் படக்கூடாது என்று. ஆனால் வாடையை எந்தக் கொடியில் போட்டு மறைப்பது? முசியேவுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குக் கோபம் இல்லை, கவலைதான். "இது ஏதோ வியாதி. கடலூர்ல வைத்தியம் பாக்கற இல்லம் ஒண்ணு இருக்குது, அங்க அனுப்பிடலாம். மேடம் அடுத்த தடவ வரும்போது கேட்டுட்டு அனுப்பறேன்" என்றார்.

கன்னியம்மாள் என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். மெதுவாக அழத் தெரியாது அவளுக்கு, தெருவே எட்டிப் பார்த்தது. "ஏற்கெனவே ஆத்தாள வுட்டுட்டு வந்த புள்ள. இப்ப என்னையும் வுட்டுட்டுப் போவணுமா? நீ கமிட்டில இருக்கற, சொல்லு பார்வதி."

"நான் என்னத்தக்கா சொல்றது? புள்ளகிட்ட கேட்டியா, ஏன் இப்படின்னு?"

"கேட்டா தலையக் குனிஞ்சிக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. சந்திரகலா மேடம் சொல்லாமல் கொள்ளாமல் ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, என்னையும் கூப்பிட்டுக்கொண்டு இல்லத்துக்குள் நுழைந்தார். சாப்பிட்ட மயக்கத்தில் பிள்ளைகள் எல்லாம் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. கன்னியம்மாள் வழக்கம்போல வாசலுக்குக் குறுக்கே படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ராஜாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, பாவாடையைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"கன்னிம்மா" என்று கூப்பிட்டாள். அந்தக் குரல் வராந்தாவில் நின்ற எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்த மந்தக் காதில் எங்கே விழப்போகிறது? தொட்டு எழுப்பவும் பிள்ளைக்குத் தைரியம் வரவில்லை.

மேடம் குனிந்து கையை நீட்டினார். "தாண்டி வாம்மா. ஒண்ணும் ஆகாது."

பிள்ளை தலையை ஆட்டியது, மாட்டேன் என்று. அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த நிமிஷம் காலோடு வழிந்து தரையில் ஓடியது. சத்தம் வராமல் அழுதாள். ஈரம் கையில் பட்டுத்தான் கன்னியம்மாள் விழித்தாள்.

அவள் திட்டவில்லை. பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மேடம் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் கண்ணு தாண்டல? சொல்லு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

ராஜாம்பாள் கன்னியம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எங்கம்மா ஒடம்பு முடியாம படுத்துருந்திச்சி. நான் ஓடறப்ப அம்மாவத் தாண்டிட்டேன். தாண்டுனா ஆயுசு கொறஞ்சிடும், திரும்பித் தாண்டுன்னு பெரிம்மா சொன்னாங்க. நான் வெளையாடப் போயிட்டேன். அப்புறம் வந்து பாத்தா, அம்மாவ பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிட்டாங்க."

படுத்திருக்கிறவர்களைத் தாண்டாதே என்று நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு சின்ன நெஞ்சு அதை இப்படிச் சுமந்துகொண்டு திரியும் என்று யார் கண்டது? கன்னியம்மாள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நீ தாண்டுனதால இல்லடி தங்கம். அவளுக்கு ஒடம்பு கெட்டுப் போச்சி, அதான். உம்மேல அவளுக்கு என்ன கோவம் இருக்கப்போவுது" என்றாள். அவளுக்கு வாழ்நாளில் அவ்வளவு மெதுவாகப் பேச வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குள் மற்ற பிள்ளைகளும் எழுந்துவிட்டன. மேடம் அவர்களைப் பார்த்துக் கேட்டார். "கூடத்துல தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"கன்னிம்மாவ எழுப்புவோம்" என்றாள் இருந்ததிலேயே பெரியவளான வசந்தா.

"அவங்களுக்குப் பொகையில மயக்கம் வந்து, எழுந்திருக்கலன்னா?"

"தாண்டுவீங்களா?" என்றார் மேடம். எல்லாரும் கன்னியம்மாளைப் பார்த்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கன்னியம்மாளின் முகம் வெளுத்துப் போயிற்று. "அப்ப நான்தான் பூட்டா?" என்றாள். "இரும்புப் பூட்ட எடுத்துட்டு என்னப் பூட்டாப் போட்டுட்டுப் போயிருக்காரு முசியே. நானும் காவ காக்கறேன்னு மறிச்சிப் படுத்துக்கினேனே." தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்து, ராஜாம்பாளை மேடத்திடம் கொடுத்துவிட்டு மறுபடியும் வாசலில் நீட்டிப் படுத்தாள். "வாங்கடி. எல்லாம் என்னத் தாண்டுங்க. இப்பவே தாண்டிப் பழகுங்க."

வசந்தா முதலில் தாண்டினாள். ஒவ்வொருத்தியாகப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குத் தாண்டினார்கள். நானும் பரவாயில்லையே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பெண் தாண்டியதும் வசந்தா திரும்பினாள், எல்லாரும் திரும்பினார்கள், வரிசையாக மறுபடியும் உள்ளே தாண்டிப் போய் நின்றுகொண்டார்கள்.

"ஏய், தீயில ஏன்டி திரும்பிப் போறீங்க?" என்றேன்.

"திரும்பித் தாண்டலன்னா கன்னிம்மாவுக்கு ஆயுசு கொறஞ்சிடுமே டைலரக்கா."

மேடம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கன்னியம்மாள் படுத்தபடியே சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. தன் ஆயுசுக்காக நெருப்புக்குள் போகத் தயாராக இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சத்தம் கேட்டு முசியே குடையோடு ஓடி வந்து, ஒன்றும் புரியாமல் மழையில் நின்றார்.

கன்னியம்மாள் எழுந்து பாயை உதறினாள். வாசலை விட்டு, சுவரை ஒட்டி நீளவாக்கில் போட்டாள். படுத்துக்கொண்டு வலது கையை மட்டும் வாசப்படி ஓரமாக நீட்டினாள். "மில்லுல தறி ஓடறப்போ யாரும் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டா காதுல வுழாது. தொட்டாத்தான் திரும்புவோம். ராஜா, வெளிய போறப்ப என் கையில ஒரு தட்டு தட்டிட்டுப் போ. வந்ததும் ஒரு தட்டு தட்டு. நீ வந்துட்டேன்னு தெரிஞ்சாத்தான் நான் தூங்குவேன். இதுல தாண்டறதுக்கு ஒண்ணுமில்ல பாரு."

"வாசல் தொறந்து கெடக்குமே" என்றார் முசியே.

"உள்பக்கம் தாழ்ப்பாள் போடுங்க. இவளுக்கு எட்டற ஒசரத்துல" என்று மேடம் ராஜாம்பாளைக் கதவோரம் நிறுத்திக் காட்டினார். கடலூர்ப் பேச்சை முசியே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடமே சொல்லிவிட்டார். "வியாதி புள்ளைக்கு இல்ல சார். வாசல்லதான் இருந்துச்சு. கொஞ்ச நாள் பாப்போம்." மறுநாளே தச்சர் வந்து தாழ்ப்பாளை இறக்கி அடித்துவிட்டுப் போனார். அந்த வாரத்துக்குப் பிறகு என் வீட்டுக் கொடியில் ஈரப் பாய் காயவில்லை. ராஜாம்பாளும் கடலூருக்குப் போகவில்லை.

அதன்பிறகு வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. போகும்போது ஒரு தட்டு, வரும்போது ஒரு தட்டு. கண்ணைத் திறக்காமலே எந்தப் பிள்ளை என்று கன்னியம்மாள் சொல்லிவிடுவாள். "செருப்பு போட்டுக்கினு போ" என்பாள். இரண்டாவது தட்டு விழுகிற வரைக்கும் அவள் தூங்க மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். பெரிய பெண்கள் அதற்காகவே சீக்கிரம் திரும்பி வருவார்கள்.

ராஜாம்பாள் படித்து முடித்து, தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்குப் போகிற பெண்களுக்கான விடுதியில் இடம் கிடைத்து இல்லத்தை விட்டுக் கிளம்பிய அன்று, பெட்டியோடு வந்து கன்னியம்மாளின் கையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி கன்னியம்மாள் தூங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ராஜாம்பாள் வருவாள், உடைந்த பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு. வந்தாலும் விருந்தாளிதானே, அந்த இரண்டாவது தட்டைத் தட்டாமலே சாயங்காலம் கிளம்பிவிடுவாள்.

எண்பத்தேழில் கன்னியம்மாள் சீக்காகி விழுந்தாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். காது அறவே போய்விட்டது, கண்ணையும் அதிகம் திறப்பதில்லை. ஊசி போட்டும் தூங்காமல் கிடந்தாள். வலது கை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டியபடியே இருந்தது. நர்ஸ் எத்தனை தடவை எடுத்து உள்ளே வைத்தாலும் மறுபடியும் வெளியே வந்துவிடும்.

ராஜாம்பாள் வேலை முடிந்து நேராக வந்தாள். மேலெல்லாம் மாவு வாசனை. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ராஜாம்பாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொட்டுட்டுக் கெளம்புடி, பஸ்ஸு போயிடும்" என்றேன்.

"தொட்டுட்டுப் போனா, நான் வர்ற வரைக்கும் கன்னிம்மா தூங்காதுக்கா" என்றாள்.

நர்ஸிடம் போய் ஏதோ பேசினாள், துணைக்குத் தங்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு குனிந்து கன்னியம்மாளின் கையில் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

"வந்துட்டேன்மா" என்றாள்.

காது கேட்காதவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ. "ராஜாவா" என்று முனகிவிட்டு, கன்னியம்மாள் கையை எடுத்துத் தானாகவே நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.