குளுவாங் ஸ்டேஷனில் கோப்பி வரிசை

மலாய் நாட்டில், குளுவாங் ரயில் ஸ்டேஷன் கோப்பிக் கடையில் நான்தான் முதல் ஆளாக நிற்கிறேன். கடைக்காரர் கருப்பையா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கோப்பி மட்டும் வரவில்லை. அதற்குள் பட்டாள ரயில் ஒன்று வந்து நிற்கிறது. வெள்ளைச் சிப்பாய்கள் தகரக் குவளைகளோடு ஓடி வருகிறார்கள். எனக்குப் பின்னால் நிற்கும், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண்கள் இருவரையும் ஒரு மலாய்க்காரரையும் காட்டி, அவர்களுக்குப் பின்னால் நிற்கும்படி சிப்பாய்களுக்குக் கருப்பையா கரண்டியால் சைகை செய்கிறார். என்ன துணிச்சல் இந்த மனிதருக்கு!

“நம்மளக் காப்பாத்த வந்தவங்களாச்சே, அண்ணே?” என்கிறேன்.

“அப்படிச் சொல்லித்தான் பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டையில எங்களையும் அரபு நாட்டுப் பஸ்ராவுக்குக் கொண்டுபோனாங்க, ஐயா. நான் பட்டாளத்துல தண்ணி வண்டிக்காரன். அந்த ஊருப் பொம்பளைங்க, அவங்க ஆத்துலயே, எங்க குதிரைங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் குடத்தோட நின்னாங்க. யாரக் காப்பாத்துனோம்னு எனக்கு இன்னும் தெரியல.” ஒரு முழ உயரத்துக்குக் கோப்பியை ஆற்றுகிறார், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. “இங்க ஊர்க்காரங்கதான் முதல்ல.”

சிப்பாய்களின் சார்ஜண்ட் முறைத்துப் பார்க்கிறார். கருப்பையா தலை நிமிரவே இல்லை. கடைசியில் சார்ஜண்ட் மலாய்க்காரருக்குப் பின்னால் போய் நிற்கிறார்.

எனக்கு அப்போதுதான் உறைக்கிறது. நானும் இந்த ஊர்க்காரன் இல்லை. விலகிப் போய், சார்ஜண்டுக்குப் பின்னால் நிற்கிறேன்.